ஓர் ஆளுக்குச் சோறு

1

வருடத்துக்கு ஒருமுறை கொழும்புக்குப் போய், இந்த நாட்டில் இன்னும் ஒரு வருடம் இருந்துகொள்ளலாமா என்று கேட்டு வரிசையில் நிற்கிறேன். கணவர் கண்டியில் பிறந்தவர். பிள்ளைகள் இருவரும் கண்டியில் பிறந்தவர்கள். நான் மட்டும் சிவகங்கைக்காரி. வாழ்க்கைப்பட்டு வந்து பிள்ளைகள் தோளுக்கு வளர்ந்த பிறகும், இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கூப்பிடும்வரை கதிரையில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் நான்தான்.

நம்மூர் நாற்காலிக்கு இங்கே கதிரை என்று பெயர். வந்த புதிதில் தளவாடக் கடையில் போய் நாற்காலி இருக்கிறதா என்று கேட்டேன். "நாலு கால் உள்ளது நிறைய இருக்கு, மேசையா, கட்டிலா, எது வேணும்?" என்று கடைக்காரர் சிரிக்காமல் கேட்டார். அன்றிலிருந்து நான் கதிரைக்காரி ஆகிவிட்டேன். என் மகள் தூக்கத்தில் சண்டை போடுவது சிங்களத்தில். மகனுக்குச் சிவகங்கை "உங்க ஊர்". "உங்க ஊர்ல ஏம்மா இவ்வளவு வெயில்?" என்று கேட்கிறான். அந்த "உங்க" என்கிற சொல் ஒவ்வொரு முறையும் குத்துகிறது. அவனைத் திட்டி என்ன செய்ய?

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி உங்கள் பத்திரிகைக்கு எழுது என்கிறீர்கள். வெளிநாடு என்றதும் நீங்கள் லண்டனை நினைத்துக்கொள்கிறீர்கள். என் வெளிநாடு ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரை. கப்பல் ஓடிய காலத்தில் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடலாம். சண்டை வந்து கப்பலும் நின்றுபோனது.

இந்த வருடம் விசா அதிகாரி வழக்கம்போல் "தொழில்?" என்றார். "வீட்டு வேலை" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அன்றைக்கு என் வாய் சும்மா இருக்கவில்லை. வீடு வாசல் இல்லாமல் தெருவுக்கு வந்துவிட்ட பழைய ராணுவக்காரர்கள் தனியாகக் குடியிருக்கப் பழகுவதற்கு உதவி செய்கிறேன் என்றேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இந்தியாவிலிருந்து வந்து, எங்கள் ஆமிக்காரர்களுக்கு நீங்கள் வீடு பார்த்துக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார். இருவரும் நன்றாகச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி நான் குடிவைத்த சவரிமுத்து அண்ணன் மறுபடியும் பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்த நேரம் அது.

2

அந்த வேலைக்கு நான் போனதே எங்கள் வீட்டில் பெரிய சண்டைக்குப் பிறகுதான். எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் ஜவுளிக்கடையை எரித்தார்கள். துணி எரிந்தால் எப்படி நாறும் என்று அன்றுதான் தெரிந்தது. கைக்குழந்தையோடு பேராதனை வீதியில் ஒரு சிங்கள டீச்சர் வீட்டுக் குளியலறையில் ஒளிந்திருந்தோம். தெருவில் ஆமி வண்டி நின்றிருந்தது. அது யாரையும் தடுக்கவில்லை. அதைக் கண்ணால் பார்த்தவர் என் கணவர்.

"அவங்களுக்கா சோறு பொங்கக் கத்துக்குடுக்கப் போறே, மீனா?" என்று கேட்டார்.

"அவங்க வேற, இவங்க வேற. இவங்களை அவங்களே தூக்கி எறிஞ்சிட்டாங்க" என்றேன்.

"நல்லா இருக்கு நியாயம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனார். மறுநாள் அவரே என்னை பஸ் ஏற்றிவிட்டார். அவர் கோபம் அவ்வளவுதான்.

கட்டுகஸ்தோட்டை வீதியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதி அது. பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் பிலோமினா. யாழ்ப்பாணத்துக்காரர். "நான் இஞ்ச ஆமிக்காரருக்குக் கஞ்சி காய்ச்சுறன் எண்டு ஊரில தெரிஞ்சா, செத்தாலும் என்னைத் தூக்க ஆள் வராது" என்பார். சொல்லிவிட்டு அடுத்த பானையைத் தூக்கப் போய்விடுவார்.

விடுதியின் வேலை சோறு போடுவது மட்டும் இல்லை. வருகிற மனிதர் முதலில் கட்டிலில் படுத்துத் தூங்கப் பழக வேண்டும். பலர் முதல் வாரங்களில் தரையில்தான் படுப்பார்கள், கதவுக்குப் பக்கத்தில். பிறகு ஆஸ்பத்திரிக்குத் தானாகப் போய் வருவது, வங்கிக்குப் போவது, சந்தையில் பேரம் பேசுவது. கடைசியாக வெளியே ஓர் அறை பார்த்துக் கொடுப்போம். அதற்குப் பிறகு அவர் பாடு. அவர் கட்டில் அடுத்த நாளே இன்னொருவருக்குப் போய்விடும். வாசலில் எப்போதும் யாராவது ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சண்டை நடந்துகொண்டே இருந்ததால் ஆள் வரத்தும் குறையவில்லை.

3

சவரிமுத்து அண்ணன் அந்த விடுதியில் இருந்த ஒரே தமிழர். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கொழுந்துக் கூடையைப் பார்த்தே வெறுத்துப்போய், கலவரமெல்லாம் வருவதற்கு முந்திய காலத்தில், படையில் சமையற்காரராகச் சேர்ந்தார். துப்பாக்கியைத் துடைத்ததைவிட அண்டாவைத் துடைத்ததுதான் அதிகம் என்று அவரே சொல்வார். வடக்கே அரிசி மூட்டை ஏற்றிப்போன லொறி கண்ணிவெடியில் ஏறியது. வலது பாதம் போய்விட்டது.

படையிலிருந்து அனுப்பிய பிறகு புசல்லாவைக்குத்தான் போயிருக்கிறார். வரிசை வீடான லயத்தில் தம்பியின் ஒற்றை அறை; அதில் தம்பி, மனைவி, பிள்ளைகள். வாரத்துக்கு ஒருமுறை பொலிஸ் வந்து தோட்டத்துப் பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போன காலம். காட்டிக்கொடுப்பது இவர்தான் என்று லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. பொலிஸ்காரர்களோ, இவர் அங்கே என்ன வேலையாக வந்திருக்கிறார் என்று தம்பியை விசாரித்தார்கள். அப்புறம் தம்பி மனைவி தண்ணீர்ச் செம்பை முகம் பார்க்காமல் வைத்தாள். அவர் கண்டிக்கு பஸ் ஏறி, இறங்கிய இடத்திலேயே தங்கிவிட்டார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரித்துக்கொடுத்துவிட்டு, மிச்சச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தவரை சிஸ்டர்தான் கூட்டிக்கொண்டு வந்தார்.

மற்றவர்களுக்கு அடுப்பு மூட்டுவதிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். இவருக்கு அந்தக் கவலை இல்லை என்று நினைத்தேன். முதல் நாள் "ஒங்களுக்கு மட்டும் சமைச்சுக்கோங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கல்யாண வீட்டுக்கு ஆகிற மாதிரி சோறு.

"என்னண்ணே இது?"

தலையைச் சொறிந்தார். "கையி அப்புடியே போட்டிருச்சிம்மா. கம்மியாப் போட்டா பயமா இருக்குங்க. யாராச்சும் தட்ட நீட்டிக்கிட்டு வந்தா என்னா பண்றது?"

பெரிய கூட்டத்துக்கே பொங்கிப் பழகிய மனிதர். ஓர் ஆளுக்குச் சமைக்க அவருக்குத் தெரியவில்லை. சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தனியாக வாழ்வது என்றால் இதுதானே? தனக்கு மட்டும் அரைச் சுண்டு அரிசி அளந்து போட்டுவிட்டு, தட்டை நீட்டிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள் என்று ஒப்புக்கொள்வது. அவர் அதை ஒப்புக்கொள்ள மாதக்கணக்காயிற்று. முதலில் அரைப் பானை, பிறகு கால் பானை. இடையில் சந்தைக்குக் கூட்டிப்போவேன். எந்தக் காய் வாங்கலாம் என்று என் முகத்தையே பார்ப்பார். "நீங்க சொல்லுங்கம்மா" என்பார். "நான் சொல்ல மாட்டேன். இனிமே ஒங்களுக்கு உத்தரவு போட ஆள் இல்ல. நீங்களா முடிவெடுங்க" என்பேன். கண்டிச் சந்தை நடுவில், கத்தரிக்காய்க்கும் பீர்க்கங்காய்க்கும் நடுவே அந்த மனிதர் வியர்த்து நிற்பார். ஒருநாள் என்னைக் கேட்காமலே ஒரு கட்டு கங்குன் கீரையைத் தூக்கிப் பைக்குள் போட்டார். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து கேசரி கிண்டினேன்.

4

அறை கிடைக்கவில்லை. அதுதான் எங்கள் பெரிய பாடு. டவுனுக்குள் வீடு வைத்திருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற உத்தியோகத்தர், கதிரை போட்டு உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். "ஆமியில இருந்தவரோ? ஐயோ பிள்ளை, குறை நினைக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டார். சிங்கள வீடுகளில் பெயரைக் கேட்டதும் அறைக்கு வேறு ஆள் வந்துவிடுவார். அலவத்துகொடயில் ஹாஜியார் ஒருவர் மட்டும் மனதில் இருந்ததைச் சொன்னார்.

"தங்கச்சி, ஒங்கட ஆளு நல்ல மனிசன்தான், மொகத்தப் பாத்தாலே வெளங்குது. ஆனா நாளைக்கி எங்கயாச்சும் ஒண்டு வெடிச்சா, முதல்ல இவர்ட வீட்டத்தான் தட்டுவாங்க. பொறகு எங்கட ஊரு முழுக்கத் தட்டுவாங்க."

நான் அவரிடம் சண்டை போடவில்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

கடைசியில் கலகெதரவில் ஓர் அறை கிடைத்தது. சுமனாவதி அம்மா விதவை; ஒரே மகன் வடக்கே படையில் இருந்தான். வீட்டுக்குப் பக்கவாட்டில் தனி அடுப்படியோடு ஓர் அறை. பெயரைக் கேட்டதும் அவரும் தயங்கத்தான் செய்தார். சிஸ்டர் சிங்களத்தில், "இவர் படையில் சமையற்காரராக இருந்தவர்" என்றார். அந்த அம்மா சட்டென்று இவர் பக்கம் திரும்பினார்.

"அங்கே பிள்ளைகளுக்கு என்ன போடுவார்கள்?"

இவர் நல்ல சிங்களத்தில், இன்ன கிழமைக்கு இன்ன கறி என்று ஒப்பித்தார். திங்கள் பருப்பும் கருவாடும், செவ்வாய் சோயா, வெள்ளி மீன், ஞாயிறு கோழி. அந்த அம்மா கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அறை கிடைத்துவிட்டது.

பொலிசில் பதிய வேண்டியிருந்தது. தமிழர் எங்கே குடிபோனாலும் பதிய வேண்டும். காவலுக்கு இருந்தவர் ஒரு கையில் இவருடைய படை அட்டையையும், மறு கையில் தமிழ்ப் பெயர் எழுதிய அடையாள அட்டையையும் பிடித்துக்கொண்டு, "இந்த ரெண்டில் நீ எது?" என்று கேட்டார். இவர் விறைப்பாக நின்று, "ரெண்டும்தான் சேர்" என்றார். அந்தப் பதிலுக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே நிற்கவைத்தார்கள்.

5

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நான் இன்னும் மறக்கவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. குடிபோன அன்று சுமனாவதி அம்மாவே புதுச் சட்டியில் பால் காய்ச்சிப் பொங்கவிட்டார். இவர் பேருக்குப் பக்கத்தில் மல்லி போட்டு, அதாவது தம்பி என்று, "முத்து மல்லி" என்று கூப்பிட ஆரம்பித்தார். இவர் வேலி கட்டிக்கொடுத்தார், கிணற்றடியில் கல் பதித்தார். சாயங்காலமானால் அந்த அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்று, "மல்லி, இன்றைக்கு என் பிள்ளை என்ன சாப்பிட்டிருப்பான்?" என்று கேட்பார். இவர் கிழமையைப் பார்த்துச் சொல்வார். அந்த அம்மா நிம்மதியாகப் படுக்கப் போவார்.

"நெசமாவே அப்படித்தான் போடுறாங்களாண்ணே?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"லொறி போய்ச் சேந்தாத்தானேம்மா கறி. எல்லா நாளும் போய்ச் சேருதுங்களா? அது அந்தம்மாவுக்கு எதுக்குங்க?" என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறபோது அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி கொளுத்துவதாகவும் சொன்னார்.

விடுதியின் பெரியவர்கள் கொழும்பிலிருந்து வந்து அவரைப் பார்த்தார்கள். தனியாகக் குடியிருக்க நன்றாகப் பழகிய ஆள், நல்ல முன்மாதிரி என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். சிறிய பானையில் அவர் பொங்கிய சோற்றை எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் படம் எடுத்தார். தெருவில் சனம் கூடி வேடிக்கை பார்த்தது. இத்தனை கண்ணா ஒரு மனிதன்மேல் விழுவது?

நம்மூரில் என்ன செய்வோம்? பூசணிக்காய் சுற்றி உடைப்போம். அதைத்தான் செய்தேன். அடுத்து வந்த அமாவாசை காலையில் சந்தையில் நல்ல நீற்றுப்பூசணியாகப் பார்த்து வாங்கி, முதல் பஸ்சில் கலகெதரவுக்குப் போனேன். சுமனாவதி அம்மா மகனுக்காக நேர்ந்துகொள்ள, புத்தரின் பல் இருக்கிற மாளிகாவைக் கோயிலுக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் முதலில் அவரிடம் சொல்லியிருப்பேன்.

"நா வேதக்காரங்கம்மா. எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று சிரித்தார் சவரிமுத்து அண்ணன்.

"கண்ணு பட்டா வேதக்காரங்களுக்கும் படும். பேசாம நில்லுங்க."

பூசணியைத் துளைத்துக் குங்குமத்தைக் கொட்டி, மேலே கற்பூரம் ஏற்றி, அவரை மூன்று சுற்றுச் சுற்றி, வாசல் படலைக்கு வெளியே ஓங்கி உடைத்தேன். சிவப்புச் சதையாகச் சிதறியது. எனக்கு மனசு லேசாகிவிட்டது.

"கூட்டித் தள்ளிறவாம்மா?" என்று தும்புத்தடியை எடுத்தார்.

"ஐயையோ, தொடாதீங்க. அது அங்கயே கெடந்து காயணும்" என்றேன்.

சந்தையில் கத்தரிக்காய்க்குக்கூட உத்தரவு போட மாட்டேன் என்றவள், அன்று உத்தரவு போட்டேன். படையில் இருந்த மனிதர், தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டார்.

6

மத்தியானம் சுமனாவதி அம்மா பஸ்சில் வந்து இறங்கியிருக்கிறார். தன் வீட்டுப் படலையில், அமாவாசை அன்று, சிவப்புத் தடவி உடைத்துப் போட்ட நீற்றுப்பூசணி. இங்கே சூனியம் வெட்டுகிற மந்திரவாதிகள் கடைசியில் வெட்டுவது அந்தக் காயைத்தான். பீடையெல்லாம் அந்தக் காய்க்குள் இறங்கிவிடும் என்பது இவர்கள் நம்பிக்கை. அதை ஒருவர் வாசலில் கொண்டுவந்து போட்டால், பீடையை அந்த வீட்டின் தலையில் இறக்கிவிட்டதாக அர்த்தம். இவ்வளவு வருடம் கண்டியில் இருந்தும் எனக்கு இது தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த அம்மா நடுத்தெருவில் உட்கார்ந்து கதறியிருக்கிறார். மகனிடமிருந்து கடிதம் வந்து பல வாரமாகியிருந்தது. படலையைத் தாண்ட மாட்டேன் என்று, பக்கத்து வீட்டு வேலியைப் பிரித்து அதன் வழியாக வீட்டுக்குள் போயிருக்கிறார். அன்று சாயங்காலம் சவரிமுத்து அண்ணன் தானாகப் போய், "அக்கா, இன்றைக்கு வெள்ளி, மீன் போட்டிருப்பார்கள்" என்று சொன்னாராம். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் நானும் சிஸ்டரும் போனோம். மந்திரவாதி வந்து எலுமிச்சம்பழம் வெட்டிவிட்டுப் போயிருந்தார். என் உடைந்த சிங்களத்தில், எங்கள் ஊரில் இது நல்லதற்குச் செய்வது, கண்ணேறு போவதற்குச் செய்வது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை; நோனா, அம்மணி என்று மரியாதையாகத்தான் பேசினார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நோனா கெட்டது நினைக்கவில்லை, தெரியும். உங்கள் ஊரில் அது நல்லதாக இருக்கலாம். இது உங்கள் ஊர் இல்லை நோனா" என்றார். "என் பிள்ளை துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறான். எனக்கு ஒரே பிள்ளை. மல்லி நல்ல மனிதர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என் மனம் கேட்கவில்லை."

சிஸ்டர் வேதத்திலிருந்தும் புத்தரிடமிருந்தும் எடுத்துச் சொன்னார். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சவரிமுத்து அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அறையைக் கூட்டி, அடுப்பை மெழுகி வைத்திருந்தார். "அக்கா, போயிட்டு வாறேன்" என்று சிங்களத்தில் சொல்லிக் கும்பிட்டார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பதிலுக்குக் கும்பிடவும் செய்தார்.

விடுதியில் அவர் கட்டிலில் மாத்தளையிலிருந்து வந்த கண்பார்வை போன பொடியன் படுத்திருந்தான். "சட்டம் கிடக்கட்டும், விறாந்தையில ஒரு பாய் போடுறன், நீங்கள் இருங்கோ" என்று சிஸ்டர் சொன்னார். "வாசல்ல ரெண்டு பேரு நிக்கிறாங்க சிஸ்டர். அவுங்க எடத்த நா புடிக்கக் கூடாதுங்க" என்று இவர் மறுத்துவிட்டு, பஸ் நிலையத்துக்கே திரும்பிப் போய்விட்டார். என் வீட்டுக்குக் கூப்பிடலாம் என்று கணவரிடம் கேட்டேன். "நீயே ஒவ்வொரு வருசமும் அனுமதி கேட்டு இருக்கிறவ. நம்ம கூரைக்குக் கீழ இன்னொரு ஆளுக்கு யாருகிட்ட அனுமதி கேக்கப்போற?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பயந்து சொன்னார். பயந்த மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுபடியும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். இந்த முறை கலகெதரக் கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

7

விசா முத்திரையோடு கண்டிக்கு வந்த மறுநாள், எரிந்த பிறகு நாங்கள் மறுபடி எடுத்துக் கட்டிய ஜவுளிக்கடைக்குள் சுமனாவதி அம்மா வந்தார். பக்கத்தில் மெலிந்து கறுத்த ஒரு பையன், கட்டையாக வெட்டிய தலைமுடி. மகன். லீவில் வந்திருந்தான். அவர்களுடைய முகாமைச் சுற்றி வளைத்திருந்தார்களாம், வெளியே வர வழியே இல்லாமல் இருந்து, எப்படியோ உயிரோடு வந்துவிட்டான். அந்த அம்மா தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவந்திருந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அன்றைக்கு நோனா வந்து மல்லியைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அந்தக் கிழமையே முகாமுக்கு வழி திறந்திருக்கிறது. பாருங்கள், பிள்ளை வந்துவிட்டான். பீடை அவரோடு போய்விட்டது நோனா. உங்களுக்குப் புண்ணியம்."

அந்தப் பையனை உயிரோடு பார்த்ததில் எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி. அவன் வர வேண்டும் என்று எங்கள் வீட்டு விளக்கின் முன்னும் நான் வேண்டியிருக்கிறேன். ஆனால் அவன் வந்ததால், சவரிமுத்து அண்ணனுக்கு அந்தக் கதவு இனித் திறக்காது. அவன் வராமல் இருந்திருந்தால், எந்த அமாவாசைக்கும் திறந்திருக்காது. எப்படித் திருப்பிப் போட்டாலும் அவருக்கு இடமில்லை. நான் பலகாரத்தை வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன செய்வது? என் கணவர் அந்தப் பையனுக்கு ஒரு சட்டைத்துணி எடுத்துக் கொடுத்து, தலையைத் தொட்டு அனுப்பினார்.

சாயங்காலம் பலகாரத்தை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். நல்ல மழை. புசல்லாவை பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், பெஞ்சு ஓரத்தில் சவரிமுத்து அண்ணன் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். பையன் வந்த சேதியைச் சொன்னேன்.

"வந்துட்டானுங்களா!" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. "எளச்சிட்டானா? சாப்புடுறானா? அந்தம்மா நல்லாத் தூங்கும் இனிமே."

ஒரு பலகாரத்தை எடுத்துப் பிட்டு, பாதியை என்னிடம் நீட்டினார். நான் மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தேன். சிஸ்டர் அம்பிட்டிய பக்கம் ஓர் அறை பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார், நாளைக்கே போய்ப் பார்க்கலாம், இந்த முறை நான் எதையும் உடைக்க மாட்டேன் என்றேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"வேணாங்கம்மா" என்றார்.

"ஏண்ணே?"

"அந்தம்மா சொன்னதுதாங்க சரி. நா இருந்தவரைக்கும் அந்தப் பயலுக்கு வழி தொறக்கல. நா போனதும் தொறந்திருச்சி. லொறியிலயும் அப்புடித்தானுங்க. மத்த ரெண்டு பேரும் போய்ட்டாங்க, நா மட்டும் இருக்கேன். தம்பி வீட்டுக்குப் போனேன், அங்கயும் பொலிஸ் வந்திச்சி. இனி ஒரு வீட்டுல போயி இருந்து, அங்க யாருக்காச்சும் என்னமும் ஆச்சின்னா? வேணாங்க. எனக்கு இங்கயே பழகிருச்சி."

அவர் அழவில்லை. கிழமைக் கறியை ஒப்பிக்கிற அதே குரலில் சொன்னார். அவர் மனதுக்குள் இந்தக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. "அதெல்லாம் மூடநம்பிக்கைண்ணே" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எந்த வாயால் சொல்வேன்? கோபம் கோபமாக வந்தது, அவர்மேல், அந்த அம்மாமேல், என்மேல், இந்தச் சண்டையை நடத்துகிற எல்லார்மேலும்.

அப்போது கைக்குழந்தையோடு ஒரு பெண் மழைக்கு ஓடி வந்து, அந்தப் பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை அவர் சட்டையைப் பிடிக்கக் கையை நீட்டியது. சவரிமுத்து அண்ணன் அவசரமாக எழுந்தார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அந்தப் பக்கத்தில் கூரை கிடையாது.